ஒன்றாம் வகுப்பில் சேரும் முன் வீட்டில் எதைப் பழக்குவது?

கேள்வி

வணக்கம். எங்கள் மகளுக்கு ஐந்தரை வயது நிறைந்துவிட்டது. வரும் கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பில் சேரவிருக்கிறாள். பாட்டியின் கவனிப்பில் வீட்டிலேயே வளர்ந்தவள் என்பதால் மழலையர் பள்ளிக்குச் சென்றதில்லை. கதை கேட்பாள், ஓயாமல் பேசுவாள். ஆனால் பென்சிலைக் கொடுத்தால் முழுக்கையாலும் இறுகப் பிடித்து இரண்டு கோடு கிழித்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். எழுதும் ஓரிரு எண்களையும் இடவலம் மாற்றிப் போடுகிறாள். அவள் வயதுப் பிள்ளைகள் நூறு வரை எழுதுவதாக உறவினர்கள் சொல்லும்போது கலக்கமாக இருக்கிறது. நாள்தோறும் உட்கார வைத்து எழுதப் பழக்க வேண்டும் என்கிறார் என் கணவர். வற்புறுத்தினால் பள்ளிக்கூடம் என்றாலே அவளுக்குக் கசந்துவிடுமோ என்று நான் அஞ்சுகிறேன். இன்னும் நான்கு மாதங்கள் இருக்கும் நிலையில் எதற்கு முதலிடம் கொடுக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: தொடக்கப் பள்ளி ஆசிரியை

அன்புள்ள சகோதரிக்கு, பல ஆண்டுகளாக ஒன்றாம் வகுப்பு நடத்தி வருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: எழுத்தை நாங்கள் கற்றுக்கொடுத்துவிடுவோம், அதற்காகத்தானே அந்த ஆண்டே இருக்கிறது. எழுதத் தெரியாமல் வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஆண்டு முடிவதற்குள் மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்களால் செய்ய முடியாதது, ஒவ்வொரு குழந்தையின் பொத்தானையும் பாட்டில் மூடியையும் காலணியையும் கவனிப்பதுதான்.

ஆகவே தன் பையைத் தானே திறந்து மூடுவது, உணவு டப்பாவைப் பிறர் உதவியின்றித் திறப்பது, கழிப்பறைக்குச் சென்று சுத்தம் செய்துகொண்டு கைகழுவி வருவது, முக்கியமாக, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று பழக்கமில்லாத பெரியவரிடம் வாய்விட்டுச் சொல்வது ஆகியவற்றை இந்த நான்கு மாதங்களில் பழக்குங்கள். கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டே இருக்கும் குழந்தையின் காதில் அன்றைய பாடம் எதுவும் ஏறாது. புதிய டப்பாவும் பாட்டிலும் வாங்குவதானால் அழகைப் பார்க்காமல், அவளே திறந்து பார்த்தபின் வாங்குங்கள்.

வீட்டில் மட்டுமே வளர்ந்த குழந்தைகளிடம் நான் அடிக்கடி காணும் ஒன்று உண்டு. “எல்லோரும் நோட்டை எடுங்கள்” என்றால் சுற்றியுள்ளவர்கள் எடுக்க, அந்தக் குழந்தை மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கீழ்ப்படியாமை அன்று, பெயர் சொல்லி அழைத்தே பழக்கப்பட்ட அதற்கு, ‘எல்லோரும்’ என்பதில் தானும் அடக்கம் என்பது இன்னும் பிடிபடவில்லை. மூன்று நான்கு பிள்ளைகளோடு முறைவைத்து ஆடும் விளையாட்டுகள் இதற்கு நல்ல மருந்து. “செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, கைகழுவி வந்து உட்கார்” என இரண்டு மூன்று படிகள் கொண்ட வேலைகளை ஒரே முறை சொல்லி, திரும்பச் சொல்லாமல் காத்திருந்தும் பாருங்கள்.

பென்சில் பிடிப்பைப் பொறுத்தவரை, விரலுக்கு வலு வராமல் பிடிப்பைத் திருத்தி ஒரு பயனும் இல்லை. களிமண் பிசைதல், மணி கோத்தல், முனை மழுங்கிய கத்தரிக்கோலால் காகிதம் வெட்டுதல், சுவரில் ஒட்டிய தாளில் நின்றபடியே வரைதல் ஆகியவை விரல்களையும் மணிக்கட்டையும் பழக்கும். நீளமான பென்சிலைவிடச் சிறு சாக்பீஸ் துண்டைக் கொடுங்கள். முழுக்கையால் பிடிக்க இடமில்லாததால் விரல் நுனிகள் தாமாகவே வேலைக்கு வரும். பொதுவாகக் குழந்தைகள் மூன்று வயதளவில் வட்டத்தையும், நான்கு ஐந்து வயதில் சதுரத்தையும், ஐந்தை ஒட்டி முக்கோணத்தையும் பார்த்து வரைகிறார்கள். சாய்கோடு வசப்படாத கையிடம் எழுத்தை எதிர்பார்ப்பது அவசரம். எண்களை மாற்றிப் போடுவது ஏழு வயது வரை மிகச் சாதாரணம். அதற்காகத் திட்ட வேண்டாம்.

மறுமொழி: இரு பிள்ளைகளின் தந்தை

ஆசிரியை அவர்கள் கூறியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் “எழுத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்” என்பதைப் பிடித்துக்கொண்டு, மொழியையும் எண்ணையும் அறவே விட்டுவிடும் பெற்றோரையும் பார்க்கிறேன். எழுதத்தான் வேண்டாம், ஒலியைக் கேட்டுப் பிரிக்கப் பழக்கலாம் அல்லவா? ‘பல்’, ‘பந்து’, ‘மரம்’ என்று சொல்லி எது ஒட்டவில்லை எனக் கேட்கலாம். ‘கதவு’ என்பதை மூன்று தட்டாகக் கைதட்டலாம். வாசிப்பு இந்தக் காதுப் பயிற்சியின் மேல்தான் ஏறுகிறது. தாளும் பென்சிலும் தேவையில்லாததால் உங்கள் மகள் எழுந்து போகவும் மாட்டாள்.

எண்ணும் அப்படித்தான். நூறு வரை ஒப்பிக்கும் குழந்தையின் முன் ஏழு கூழாங்கற்களை வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஏழில் முடித்தவுடன் “மொத்தம் எத்தனை?” என்று கேட்டால், சில குழந்தைகள் விடை சொல்லாமல் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்பது அவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை என்று பொருள். உறவினர் வீட்டுப் பிள்ளைகள் நூறு வரை எழுதுவதைக் கேட்டு நீங்கள் கலங்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

மறுமொழி: குழந்தைகள் நலப் பிரிவில் பணிபுரிபவர்

எல்லோரும் பாடத்தைப் பேசுவதால் உடலைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். சேர்ப்பதற்கு முன் கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கியிருந்தால் மற்றொரு கண் ஈடுகட்டுவதால் குழந்தை குறையே சொல்லாது. ‘சோம்பேறிக் கண்’ எனப்படும் அந்தக் குறைக்கு ஏழு வயதுக்குள் தொடங்கும் சிகிச்சை கூடுதல் பலன் தருகிறது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குச் செவிப்பறையின் பின்னே நீர் தங்கி, கேட்கும் திறன் குறையலாம். அதைக் கவனக்குறைவு என்று தவறாகக் கணிப்பது வழக்கமாக நடக்கிறது.

அடுத்து உறக்கம். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கம் உட்பட 10 முதல் 13 மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயதினருக்கு 9 முதல் 12 மணி நேரமும் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. இரவு வெகுநேரம் விழித்திருக்கும் பழக்கம் இருந்தால், பள்ளி திறக்கும் வாரத்தில் ஒரேயடியாக மாற்ற முயல வேண்டாம். சில வாரங்களுக்கு முன்பே சில நாள்களுக்கு ஒருமுறை கால் மணி நேரமாகப் படுக்கும் நேரத்தை முன்னே நகர்த்தி வாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கூழாங்கல் சோதனையை இன்றே செய்தோம். மொத்தம் ஏழு என்று உடனே சொன்னாள், என் கணவரின் முகத்தில் சற்றே தெளிவு. இன்னொரு ஐயம்: பாட்டியைப் பிரிந்து இருந்ததே இல்லை. முதல் நாள் அழுதால், அவள் வேடிக்கை பார்க்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்கிறார்கள். அது சரியா?

மறுமொழி: தொடக்கப் பள்ளி ஆசிரியை

வேண்டாம் சகோதரி. திரும்பிப் பார்க்கும்போது ஆள் இல்லை என்றால், மறுநாள் வாசலிலேயே உங்கள் கையை விட மாட்டாள். “போய் வருகிறேன்” என்று சொல்லி, எப்போது வருவீர்கள் என்பதை மணிக்கணக்கில் சொல்லாமல், “சாப்பிட்டு, விளையாடி, கடைசி மணி அடித்ததும் பாட்டி வாசலில் நிற்பார்” என்று அன்றைய நிகழ்ச்சி வரிசையில் சொல்லுங்கள். சொன்னபடி பாட்டி நிற்பது கட்டாயம். சொன்ன பிறகு நின்று பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்பிவிட வேண்டும். பெரும்பாலான அழுகை பெற்றோர் கண்மறைந்த சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் வகுப்பாசிரியரோடு அமர்ந்து பேசுங்கள். பள்ளி அனுமதித்தால், திறப்பதற்கு முன்பே ஒருமுறை அழைத்துச் சென்று வகுப்பறையையும் கழிப்பறையையும் காட்டிவிடுங்கள்.

முதல் சில வாரங்கள் வீடு திரும்பியதும் அற்பக் காரணத்துக்கெல்லாம் சிணுங்குவாள். நாள் முழுவதும் அடங்கியிருந்த களைப்பு அது. அந்த நேரத்தில் “இன்று என்ன படித்தாய்?” என்று பாட்டியையும் கேட்க விடாதீர்கள். உண்டு, சற்று விளையாடிய பிறகு, பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் மற்றவற்றை அவளே சொல்லிவிடுவாள்.