மறுமொழி: உருக்கி ஊற்றும் சோப்புக்குத் தமிழில் என்ன சொல்?

குழும அன்பர்களுக்குக் காரைக்குடியிலிருந்து வணக்கம்.

வீட்டிலேயே அச்சில் ஊற்றிச் செய்யும் அலங்காரச் சோப்புக்காகச் சென்ற வாரம் இங்கே முன்வைக்கப்பட்ட மூன்று சொற்களையும் தாளில் எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்து, வேலை செய்தபடியே சொல்லிப் பார்த்தேன். இரண்டு வாயில் நிற்கவில்லை, மூன்றாவது ஆபத்தானது.

ஆபத்தானதிலிருந்தே தொடங்குகிறேன். கடையில் பாளமாக வாங்கி உருக்கிக்கொள்ளும் 'சோப் பேஸ்' என்பதைச் 'சோப்புக் காரம்' என்றார் நண்பர். வேதியியல் பாடத்தில் பேஸ் என்றால் காரம்தான். ஆனால் இங்கே அந்தப் பொருள் வராது. எண்ணெயும் எரிசோடாவும் (காஸ்டிக் சோடா) முன்பே வினைபுரிந்து சோப்பாகிவிட்ட பண்டம் இது. எரிசோடாவைத் தாமே கரைத்துச் செய்கிறவர்கள் 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 18 கிராம் என்று நிறுத்துப் போட்டு, கையுறையும் கண்ணாடியும் அணிந்து வேலை பார்த்து, 4 முதல் 6 வாரம் காயவைத்த பிறகே பயன்படுத்துவார்கள். 'சோப்புக் காரம் ஒரு கிலோ' என்று சீட்டெழுதிக் கொடுத்தால் கடைக்காரர் எரிசோடாவைப் பொட்டலம் கட்டித் தரக்கூடும். அதை உருக்கலாம் என்று ஒருவர் அடுப்பில் ஏற்றினால் என்னாகும்?

'உருக்குவார்ப்புச் சோப்பு' என்ற சொல்லில் உருக்கு என்றதும் இரும்பாலைதான் கண்முன் வருகிறது. 'அச்சுச்சோப்பு' எனக்கு முதலில் பிடித்தது. உருக்கிய சோப்புப் பாகை நான் ஊற்றுவதைத் திண்ணையிலிருந்து பார்த்த எங்கள் ஆச்சியும், "அச்சுவெல்லம் ஊத்துற மாதிரில்ல இருக்கு" என்றார்கள். ஆனால் நாணயத்தில் அச்சு என்பது அழுத்துவது, வெல்லத்தில் அது ஊற்றுவது. ஆலையில் பெயர் பொறித்து அழுத்தி எடுக்கும் சோப்பும் அச்சுச்சோப்புதான் என்று யாரேனும் வாதிட்டால் நம்மிடம் விடை இல்லை. ஊற்றுவதை மட்டுமே குறிக்க 'வார்' என்ற வினை இருக்கிறது. தோசைக்கும் வெண்கலத்துக்கும் அதுவே பொதுவாக வழங்குகிறது. ஆகவே பொருளுக்கு 'வார்ப்புச் சோப்பு' என்றும், செய்முறைக்கு 'உருக்கிவார்த்தல்' என்றும் முன்மொழிகிறேன். சோப்பைச் சவர்க்காரம் என்றோ வழலை என்றோ மாற்றவேண்டும் என்பவர்களுடன் எனக்குச் சண்டை இல்லை; ஈழத்தில் சவர்க்காரம் அன்றாடப் பேச்சாகவே இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சந்தையில் சோப்புதான் செல்லும்.

சிலிக்கான் அச்சுக்கு 'வார்ப்புரு' அழகாகப் பொருந்தியிருக்கும், ஆனால் கணினித் தமிழ் அதை 'டெம்ப்ளேட்' என்பதற்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. 'வார்ப்பச்சு' போதும். அதிலுள்ள பள்ளத்துக்குப் புதுச்சொல்லே தேவையில்லை: ஏழு குழிப் பணியாரக் கல் வைத்திருக்கிற ஊரில் இது ஆறு குழி அச்சு.

நான் நிறையவே யோசித்தது வேறொன்றைப் பற்றி. எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும்போது, கண்ணாடிப் பலகையின்மேல் வடிவத் தகட்டை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, பிறகே பின்புறத்துக்குச் சிமெண்டும் மணலும் இடுவார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கிடந்த பக்கமே நாம் நடக்கும் முகம். சோப்பிலும் அப்படியே, குழியின் அடியில் முதலில் விழும் வண்ணமே கடைசியில் மேலே தெரிகிறது. கோலத்துக்கு வெள்ளை, பின்புலத்துக்குச் செங்கல் நிறம் என்று ஊற்ற முனைந்தபோது, இரண்டாம் பாகை 70 டிகிரி சூட்டில் அவசரமாக ஊற்றிவிட்டேன். வெள்ளைக் கோலம் இளகி, சிவப்பில் பாலாகக் கலைந்துபோனது. 50 டிகிரி அளவுக்கு ஆறவிட்டபின் ஊற்றினால் கோலம் நிற்கிறது. இந்த இரண்டு ஊற்றுகளுக்கும் பெயரில்லாமல் செய்முறை எழுத முடியவில்லை. வீட்டுக்கு முகப்பு இருப்பதுபோல் முதலாவதை 'முகப்பு வார்ப்பு' என்றும், அடுத்ததைப் 'பின்வார்ப்பு' என்றும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

இந்தச் சோப்பிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால் மழைநாளில் சோப்பின் மேல் முத்துமுத்தாக நீர் நிற்பதை 'வியர்த்தல்' என்று மொழிபெயர்க்கவேண்டியதில்லை. ஐப்பசியில் வெல்லம் கசிகிறது என்கிறோம், இதுவும் 'கசிவு'தான்.

மிஞ்சுவது அந்த சோப் பேஸ். உருக்கினால் பாகாகும் கட்டி என்பதால் 'பாகுக்கட்டி' என்று வைத்தேன். சொல் சின்னதாக, விளங்கும்படி இருக்கிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை, நான் பாகு, பாகு என்று சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சிறுவன், ரோஜா நிறத்துண்டு ஒன்றை எடுத்து நக்கிப் பார்த்துவிட்டான். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும், தின்பண்டத்தை நினைவூட்டாத மாற்று யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.