மேகமலை ஏரிக்கரையில டெண்ட் போட்டுத் தங்கலாமா?

கூடல்நகரான்:
எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி கடைசியில மூணு ராத்திரி மேகமலையில தங்கலாம்னு இருக்கோம். நான், வீட்டுக்காரம்மா, அஞ்சாவது படிக்கிற மக, எங்க அப்பா. கொடைக்கானல் ஏரியைச் சுத்தி எந்நேரமும் கூட்டம், அது வேண்டாம். தண்ணி, மலை, பறவைச் சத்தம் இருந்தாப் போதும். தேனி வரைக்கும் ரயில்ல போயிட்டு, அங்கிருந்து வேன் பேசி சின்னமனூர் வழியா ஏறலாம்னு கணக்கு. ரெண்டு ராத்திரி ரூம், ஒரு ராத்திரி மட்டும் ஹைவேவிஸ் ஏரிக்கரையில டெண்ட். மகளுக்கு அதுமேலதான் ஆசை. அப்படி யாராவது தங்கியிருக்கீங்களா?

தேனிச்சீமை:
ரூம் போடுங்கண்ணே, டெண்ட் வேண்டாம். அங்க தேயிலை எஸ்டேட்டைச் சுத்தியிருக்கிற காடு 2021-லேயே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆயிருச்சு. இருட்டுனதுக்கப்புறம் செக்போஸ்ட்ல வண்டியே ஏறவிட மாட்டாங்க. காரணம் யானை. ஏரியில தண்ணி இறங்கிக் கரை வெளியே தெரியிறப்ப போய்ப் பாருங்க: சேத்துல முறம் அகலத்துக்குத் தடம் கிடக்கும், அதுக்குள்ள தண்ணி ஊறி நிக்கும். பக்கத்துலயே நார் நாரா லத்தி. நீங்க டெண்ட் அடிக்கணும்னு தேடுற சமதரைதான் யானை தண்ணிக்கு இறங்குற தடம். அங்கேயே பொறந்து வளர்ந்த எஸ்டேட் ஆளுங்களே இருட்டுல தனியா வெளிய இறங்க மாட்டாங்க. பிள்ளையையும் பெரியவரையும் வச்சுக்கிட்டு இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

திருமங்கலம் ரைடர்:
எப்பப் பார்த்தாலும் யானை, புலின்னு சொல்லியே மக்களைத் தள்ளி வைக்கிறீங்க. எஸ்டேட் பங்களாவுல ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்குல குடுக்குறவன் ஜன்னலைத் திறந்தா ஏரி. காசில்லாதவன் சாயங்காலம் அஞ்சு மணிக்கே மூட்டையைக் கட்டி இறங்கணுமா? காடு எல்லாருக்கும் பொது தானே? தேக்கடியில பெரியாறு புலிகள் காப்பகத்துல வனத்துறையே ஆளுங்களைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் டெண்ட்ல தங்க வைக்குது. பரம்பிக்குளத்துலயும் டெண்ட் இருக்கு. மலைக்கு இந்தப் பக்கம் மட்டும் ஏன் கூடாது? அந்த ஏரிக்கரையோரம் குடியிருப்பே இருக்கு. ஒரே ஒரு டெண்ட்டால என்ன கெட்டுப்போகும்?

தேனிச்சீமை:
தம்பி, தேக்கடியில எப்படிக் கூட்டிட்டுப் போறாங்கன்னும் சேர்த்துச் சொல்லணும்ல? துப்பாக்கியோட காவலர் கூட வர்றாரு. ஒரு காலத்துல அதே காட்டுல வேட்டையாடி, பிறகு அதை விட்டவங்கதான் வழிகாட்டி. எங்க படுக்கணும், எங்க அடுப்பு மூட்டணும்னு அவங்க முடிவு பண்றாங்க. மேகமலையிலயும் வனத்துறை அப்படி ஏற்பாடு பண்ணட்டும், முத ஆளா நானே பேர் குடுக்குறேன். குடும்பத்தோட தனியாப் போய் கரையில கம்பை ஊனுறது வேற விஷயம்.

இன்னொன்னு, டெண்ட் போட்டா ராத்திரி குளிருக்குத் தீ மூட்டாம இருக்க மாட்டாங்க. ஜனவரி போகப் போக சரிவுல புல்லு காய்ஞ்சு கிடக்கும். 2018 மார்ச்ல குரங்கணிக் காட்டுத் தீயில இருபது பேருக்கு மேல செத்தாங்க. அந்த ராத்திரி தேனியில ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவே இல்ல.

திருமங்கலம் ரைடர்:
குரங்கணியில செத்தவங்க யாரும் ஏரிக்கரையில படுத்துக் கிடக்கலண்ணே, மலை ஏறுனவங்க. அதைக் காட்டி எல்லாத்தையும் மூடுறது சரியில்ல. தீ மூட்ட மாட்டோம், குப்பையைத் திரும்பக் கொண்டு வர்றோம்னு சொல்றவங்களையும் நம்ப மாட்டீங்களா?

செல்லூர் டீச்சர்:
ரைடர் தம்பி, உங்களை நம்புறேன். உங்களுக்குப் பின்னாடி வர்ற ஐம்பது பேரைத்தான் நம்ப முடியல. அந்த ஏரி மின்சாரத்துக்காகக் கட்டுன அணை. அந்தத் தண்ணி சுருளியாறு மின்நிலையத்துக்கு இறங்கி, முல்லையாத்தோட சேர்ந்து வைகைக்கு வருது. வைகை அணைத் தண்ணியைத்தான் மதுரையில குழாயில பிடிச்சுக் குடிக்கிறோம். கரையில கக்கூஸ் கிடையாது. லீவு நாள்ல பத்து டெண்ட் நின்னா விடிகாலையில எல்லாரும் எங்க போவாங்க? எனக்குக் கவலை அதுதான்.

காசு விஷயத்துல மட்டும் உங்க பக்கம் நியாயம் இருக்கு. நடுத்தரக் குடும்பம் தங்குறதுக்குப் பேரூராட்சி விடுதி மாதிரி இடம் இன்னும் நாலு வரணும். அதைக் கேட்டு எழுதுவோம், நானும் கையெழுத்துப் போடுறேன்.

கூடல்நகரான் தம்பி, உங்க அப்பாவுக்கு சுகர், பிரஷர் எதுவும் இருக்கா? இருந்தா மாத்திரை ரெண்டு நாளைக்குக் கூடுதலா வச்சுக்கங்க. இன்சுலின்னா ஐஸ் போட்ட பையில, ஆனா ஐஸ் நேரா படாம. பெரிய ஆஸ்பத்திரின்னா கீழ இறங்கித் தேனி மெடிக்கல் காலேஜுக்குத்தான் வரணும், ராத்திரியில அது லேசுப்பட்ட காரியம் இல்ல. ரோட்டுல பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு, மகளுக்கு வெறும் வயித்துலயும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். டீசலும் பணமும் சின்னமனூர்லயே பார்த்துக்கங்க. மேல போன உடனே போன் எடுக்கும்னு நம்பாதீங்க, வீட்ல சொல்லிட்டுக் கிளம்புங்க.

மகளைக் காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தேயிலைக்கும் சோலைக்கும் நடுவுல இருக்கிற ரோட்டுல மெதுவா நடக்க வைங்க. சிங்கவால் குரங்கு அந்தக் காட்டுல இருக்கு. இருவாச்சி பறந்தா றெக்கைச் சத்தமே முதல்ல கேக்கும். சோறு, பிஸ்கட் எதையும் குரங்குக்குக் காட்டக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிருங்க.

கூடல்நகரான்:
டீச்சரக்கா, அப்பாவுக்கு சுகர் உண்டு, இன்சுலின்தான். அதுனால டெண்ட் இல்ல, மூணு ராத்திரியும் ரூம்னு முடிவு பண்ணிட்டேன். மகளுக்கு வருத்தம்தான். இருவாச்சி பத்திச் சொன்னதும் பைனாகுலர் கேக்குறா. ரைடர் தம்பி சொன்ன தேக்கடி ஏற்பாட்டுக்கு எத்தனை வயசுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகலாம்னு விசாரிக்கணும்.

திருமங்கலம் ரைடர்:
விசாரிச்சுச் சொல்றேன் அண்ணே. ஆனா என் பேச்சுல மாத்தமில்ல: காவலரோட, கட்டணத்தோட, மேகமலையிலயும் டெண்ட் வரணும். டீச்சர், மனுவை நான் எழுதுறேன். கக்கூஸ் விஷயத்தையும் சேர்த்துக்குறேன்.

தேனிச்சீமை:
எழுதுங்க தம்பி. வழிகாட்டி வேலை எஸ்டேட் பிள்ளைகளுக்குத்தான் குடுக்கணும்னு அதுல ஒரு வரி இருக்கட்டும். கூடல்நகரான் அண்ணே, வேன் பேசுறப்ப மலை ரோடு ஓட்டிப் பழகுன டிரைவரா பாருங்க, மத்தியானத்துக்குள்ள ஏறிருங்க.