அரசு உதவிபெறும் பள்ளியிலிருந்து யேல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம்: பள்ளி நிரப்பவேண்டிய பகுதியில் சிக்கல்

பொதிகைச்சாரல்:

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முதுகலை இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். பிளஸ் டூ மாணவி ஒருத்தி அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். அம்மா பீடி சுற்றுகிறார், அப்பாவுக்குக் கட்டட வேலை. வெளிநாட்டு மாணவர்களுக்கும் குடும்ப வசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்து, கட்ட முடியாத தொகை முழுவதையும் யேலே ஏற்கும் என்று அவளே படித்துத் தெரிந்துகொண்டு வந்தாள். நானும் பார்த்தேன், உண்மைதான்.

படிப்பில் குறையில்லை. பத்தாம் வகுப்பில் 500-க்கு 487, பிளஸ் ஒன் தேர்வில் 600-க்கு 571. பத்தாவது வரை தமிழ்வழி, இப்போது ஆங்கிலவழி. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வுக்கும் பதிவு செய்துவிட்டாள்.

சிக்கல் எங்கள் தரப்பில்தான். விண்ணப்பிக்கும் 'காமன் ஆப்' இணையதளம் 'கவுன்சிலர்' (உயர்கல்வி வழிகாட்டி) யார் என்று கேட்கிறது; அப்படி ஒரு பணியிடமே எங்களிடம் இல்லை. ஜி.பி.ஏ. (அமெரிக்க முறைச் சராசரிப் புள்ளி) எவ்வளவு, ரேங்க் என்ன, 'ஸ்கூல் புரொஃபைல்' (பள்ளியைப் பற்றிய அறிமுகக் குறிப்பு) எங்கே என்கிறது. பள்ளிக்கு ஜிமெயில் முகவரி மட்டும்தான். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் தமிழில் இருக்கிறது. அவள் என்னைப் பரிந்துரையாளராகச் சேர்த்துவிட்டதாகச் சொல்லி ஒரு வாரம் ஆகிறது, எனக்கு எந்த மின்னஞ்சலும் வரவில்லை.

போட்டிகள், என்.சி.சி. என்று எதிலும் அவள் இல்லை. பள்ளி விட்டால் நேரே வீடு. 'செயல்பாடுகள்' பகுதியில் எதை எழுதச் சொல்வது? பரிந்துரைக் கடிதத்துக்கு நான் எழுதி வைத்திருப்பது இது:

"இவள் மிகவும் ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவி. ஆசிரியர்களை மதிப்பவள். வகுப்பில் எப்போதும் முதலிடம் பெறுபவள். இவளுக்கு ஒரு வாய்ப்பளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதற்கிடையே ஒரு ஆலோசனை நிறுவனம், கட்டுரை, கடிதம் எல்லாவற்றையும் தாங்களே எழுதித் தருவதாகவும் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் பெற்றோரிடம் சொல்லியிருக்கிறது. தலைமையாசிரியர் 'நமக்கு எதற்கு வம்பு' என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:

ஐயா, பெங்களூரில் ஒரு பள்ளியில் இந்தக் கவுன்சிலர் வேலையைத்தான் பல ஆண்டுகள் பார்த்தேன். மின்னஞ்சல் வராததை முதலில் தீர்த்துவிடுவோம். அந்தத் தளத்தில் ஒரு வரிசை இருக்கிறது. மாணவி தன் பட்டியலில் யேலைச் சேர்க்கவேண்டும், கல்விப் பகுதியில் பள்ளியின் பெயரைப் பதியவேண்டும், பிறகு 'ஃபெர்பா' என்ற ஒப்புதலில் கையெழுத்திடவேண்டும். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு அழைப்பு அனுப்ப முடியும். பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, ஒப்புதலை முடிக்காமல் விட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அது முடிந்திருந்தால் உங்கள் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். அந்த ஒப்புதலில், பரிந்துரைக் கடிதத்தைப் பின்னாளில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். விட்டுக்கொடுப்பதே நல்லது. மாணவர் பார்க்கப்போகும் கடிதத்துக்கு அங்கே மதிப்புக் குறைவு.

கவுன்சிலர் என்பது பதவி அல்ல, ஒரு பொறுப்பு. உங்கள் பள்ளியில் அது தலைமையாசிரியர் அல்லது உதவித் தலைமையாசிரியர். நீங்கள் ஆசிரியர் பரிந்துரையோடு நின்றுகொள்ளுங்கள். யேல் இரண்டு ஆசிரியர்களின் கடிதத்தைக் கேட்கிறது. இன்னொருவர் ஆங்கில ஆசிரியராகவோ வரலாற்று ஆசிரியராகவோ இருந்தால் பெண்ணின் வேறொரு பக்கம் தெரியும். கணக்கு ஆசிரியர் எழுதினால் நீங்கள் சொன்னதையே அவரும் சொல்வார்.

ஜி.பி.ஏ.வாக மாற்றிக் கணக்கிடவே வேண்டாம். 571-ஐ நான்குக்கு இவ்வளவு என்று மாற்றித் தரும் இணையக் கணக்கிகள் எல்லாம் குத்துமதிப்பு. பள்ளி அப்படிக் கணக்கிடுவதில்லை என்று தெரிவித்துவிட்டு, ஒன்பது முதல் பிளஸ் ஒன் வரையிலான மதிப்பெண்களை அப்படியே இணையுங்கள். ரேங்க் அதிகாரபூர்வமாகக் கொடுப்பதில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லலாம். ஒன்பதாம் வகுப்புப் பட்டியலை உங்கள் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்து, பள்ளி முகவரித் தாளில் தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரையோடு மூலத்தையும் சேர்த்து ஏற்றுங்கள். உறவினர் யாரும் மொழிபெயர்க்கக் கூடாது. எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் ஆங்கிலமும் இருப்பதால் அதற்குக் கவலையில்லை.

ஸ்கூல் புரொஃபைலில்தான் நீங்கள் நேரம் செலவிடவேண்டும், ஐயா. ஒன்றரைப் பக்கம் போதும். விண்ணப்பத்தைப் படிப்பவருக்குத் தென்காசி எங்கே இருக்கிறது என்று தெரியாது. பள்ளி எந்த ஊரில், எத்தனை பிள்ளைகள், எந்தெந்தப் பாடப்பிரிவுகள், பெற்றோர் பெரும்பாலும் என்ன வேலை செய்கிறார்கள், பிளஸ் டூ முடித்தவர்கள் எங்கே போகிறார்கள், வீட்டில் முதல்முறையாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், ஆய்வகத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை. கடந்த ஆண்டு உங்கள் பள்ளியில் 550-க்கு மேல் எத்தனை பேர் என்ற ஒரு வரி, அவளுடைய 571-க்கு எந்த ஜி.பி.ஏ.யும் தராத பொருளைத் தரும். ஒரு மாணவருக்கு என்ன கிடைத்தது, அதை வைத்து அவர் என்ன செய்தார் என்பதை அங்கே சேர்த்தே பார்க்கிறார்கள். கிடைத்தது என்ன என்பதைப் பள்ளியைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

கடிதத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லலாமா? மாற்றுச் சான்றிதழில் 'நடத்தை: நன்று' என்று எழுதுவோமே, அதைத்தான் நான்கு வாக்கியமாக நீட்டியிருக்கிறீர்கள். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை, ஆனால் பெயரை மாற்றினால் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். அவள் உங்கள் வகுப்பில் செய்த ஒரே ஒரு காரியத்தை, நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். பணிவுடன் கேட்டுக்கொள்வதை அடித்துவிடுங்கள்.

மடைதிறப்பான்:

இப்படி எழுதுவதற்கு மன்னிக்கவும். யேலுக்கு 2025-இல் ஐம்பதாயிரம் பேர் விண்ணப்பித்து ஏறத்தாழ 2,300 பேருக்கு இடம் கிடைத்தது. பரிந்துரை, கட்டுரை, புரொஃபைல் என்று டிசம்பர் முழுக்க ஓடிவிட்டு, மார்ச்சில் பொதுத்தேர்வில் கோட்டைவிட்டால் யார் பொறுப்பு? அரசு உதவிபெறும் பள்ளி என்பதால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் அவளுக்குக் கிடையாது. ஒவ்வொரு மதிப்பெண்ணும் கட்-ஆஃபுக்கு வேண்டும். ஆசையைத் தூண்டிவிடுவது எளிது ஐயா.

பொதிகைச்சாரல்:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வுக்கும் அவள் தயாராகிறாள், அதில் நான் விடமாட்டேன். ஆசையை நான் தூண்டவில்லை; அவள்தான் என்னிடம் வந்தாள். பள்ளி படிவத்தை நிரப்பவில்லை என்ற காரணத்துக்காக அது நின்றுபோகக் கூடாது என்பதுதான் என் கவலை.

வைகைக்கரை:

சார், நான் மதுரைக்காரி. இப்போது அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் முழு நிதியுதவியில் இரண்டாமாண்டு. 'பள்ளி விட்டால் நேரே வீடு' என்று எழுதியிருக்கிறீர்களே, வீட்டில் என்ன செய்கிறாள் என்று கேட்டீர்களா? குடும்பப் பொறுப்பையும் ஒரு செயல்பாடாகவே அந்தப் பட்டியலில் பதியலாம். அதற்கென்றே ஒரு வகை இருக்கிறது. மொத்தம் பத்து இடங்கள், ஒவ்வொன்றுக்கும் விவரிக்க 150 எழுத்துகள்தான். பத்தையும் நிரப்பவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான்கு உண்மையாக இருந்தால் போதும்.

பொதிகைச்சாரல்:

கேட்டேன். இத்தனை நாள் எனக்குத் தெரியாத செய்தி. அம்மாவும் தெருவில் உள்ள மற்ற பெண்களும் வாங்கிவரும் இலை, தூள் எடையையும், திருப்பிக் கொடுக்கும் பீடிக் கணக்கையும், சரியில்லை என்று கழிக்கப்படுவதையும் இவள்தான் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி, பி.எஃப். பிடித்தம் இவ்வளவு என்று கூட்டிப் பார்த்து, குறைந்தால் அவர்களைப் போய்க் கேட்கச் சொல்கிறாள். எட்டாம் வகுப்பிலிருந்தே இது நடக்கிறதாம். இதையெல்லாம் எழுதலாமா? பரிதாபம் தேடுவது போல் ஆகிவிடாதா?

வைகைக்கரை:

சார், இதைவிட வேறு என்ன வேண்டும்! பரிதாபத்தை எழுதினால்தான் பரிதாபம். 'ஏழ்மையான குடும்பத்தில் பிறந்த நான்' என்று தொடங்கவேண்டாம், அவ்வளவுதான். எத்தனை பெண்களுக்கு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எதைக் கணக்கிடுகிறாள், கூலி குறைந்ததைக் கண்டுபிடித்த பிறகு என்ன ஆனது என்று எழுதினால் 150 எழுத்துகளுக்குள் அடங்கும். 650 சொல் கட்டுரைக்கும் அந்த நோட்டே விஷயமாகலாம், ஆனால் அதை அவள்தான் முடிவு செய்யவேண்டும். குறைந்தபட்சம் 250 சொற்கள் எழுதவேண்டும். 650-ஐத் தொட்டே ஆகவேண்டும் என்பதில்லை. ஆங்கிலப் பிழையை மட்டும் ஆசிரியர் திருத்தட்டும். அலங்காரச் சொற்களை உள்ளே திணிக்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.

நிதியுதவிக்கு 'சி.எஸ்.எஸ். புரொஃபைல்' என்ற தனிப் படிவம் உண்டு. சம்பளச் சீட்டு இல்லாத குடும்பத்துக்கு அதுதான் தலைவலி. தாசில்தார் வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அப்பாவின் கட்டட வேலை மழைக்காலத்தில் குறையும் என்றால் மாதவாரியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருமானத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்குக் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கோட்டைக்கொத்தளம்:

இடையில் ஒரு கொசுறு. யேல் என்ற பெயரே நம் சென்னைப் பணத்தில் வந்ததுதான். எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்தவர். ஊழல் புகாரில் பதவி போனது. 1718-இல் அவர் அனுப்பிய புத்தகங்களுக்கும், துணிமணிகளை விற்ற காசுக்கும் நன்றியாகத்தான் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவருடைய மகனின் கல்லறை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. 'ஏன் யேல்?' என்ற கேள்விக்கு இதை எழுதச் சொல்லலாமே!

ஏட்டுச்சுரைக்காய்:

வேண்டவே வேண்டாம். 125 சொற்களுக்குள் எழுதவேண்டிய பதில் அது. அதில் பாதியை கவர்னருக்குக் கொடுத்துவிட்டால் பெண்ணுக்கு என்ன மிஞ்சும்? எந்தப் பாடத்தை, ஏன் அங்கே படிக்க விரும்புகிறாள் என்பதற்கே அந்த இடம் போதாது.

ஐயா, அந்த ஆலோசனை நிறுவனத்தைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. அவர்கள் எழுதித் தரும் எதிலும் தலைமையாசிரியர் கையெழுத்திடக் கூடாது. 2024-இல் பென்சில்வேனியாவில் உள்ள லீஹை பல்கலைக்கழகத்தில், போலி ஆவணங்களைக் கொடுத்து முழு உதவித்தொகை வாங்கிய இந்திய மாணவர் ஒருவர் கைதாகி நாடு திரும்ப வேண்டியதாயிற்று. பள்ளி முதல்வரின் பெயரில் மின்னஞ்சல் முகவரி ஒன்றையே அவர் போலியாக உருவாக்கியிருந்தார். அதனால்தான் ஜிமெயில் முகவரி என்றால் இரண்டாவது முறை பார்ப்பார்கள். உங்கள் பள்ளியின் முகவரித் தாளில் யுடைஸ் எண் (பள்ளிக்கான அரசு அடையாள எண்), அலுவலகத் தொலைபேசி, தலைமையாசிரியரின் முழுப்பெயர் எல்லாம் இருக்கட்டும். அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் தனி மின்னஞ்சல் தளம் இருப்பது அரிது என்று புரொஃபைலில் ஒரு வரி எழுதுங்கள். அவர்கள் தொலைபேசியில் அழைத்தால் அலுவலகத்தில் எடுப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். தலைமையாசிரியரிடம் 'வம்பு' என்பதற்கு இதைச் சொல்லுங்கள்: பள்ளி உண்மையை மட்டும் எழுதினால் அவருக்கு ஒரு வம்பும் வராது.

பொதிகைச்சாரல்:

ஒப்புதல் பகுதியை முடிக்காமல்தான் வைத்திருந்தாள். இப்போது அழைப்பு வந்துவிட்டது. தலைமையாசிரியரும் இறங்கிவந்துவிட்டார், ஆயிரம் பீடிக் கணக்கைக் கேட்டதும் அவரே புரொஃபைலை எழுத உட்கார்ந்தார். கடிதத்தின் நடுப்பகுதியை மாற்றியிருக்கிறேன், தமிழில் தருகிறேன்:

"பிளஸ் ஒன் செய்முறையில் ஸ்டோக்ஸ் முறைப்படி விளக்கெண்ணெயின் பாகியல் எண்ணைக் கண்டறியவேண்டும். கண்ணாடி உருளையில் எண்ணெய் நிரப்பி, சிறு குண்டுகள் இரண்டு குறிகளுக்கு இடையே விழும் நேரத்தை அளப்பார்கள். காலைப் பிரிவுக்கு வந்த விடை மதியப் பிரிவுக்கு வரவில்லை. மற்றவர்கள் பழைய ரெக்கார்டைப் பார்த்துச் சரிசெய்துகொண்டார்கள். இவள் தனக்கு வந்ததையே எழுதினாள். அடுத்த வாரம் வேதியியல் ஆய்வகத்தில் வெப்பமானி கேட்டு வாங்கி, மணிக்கொருமுறை எண்ணெயின் வெப்பத்தையும் குண்டு விழும் நேரத்தையும் குறித்தாள். எங்கள் ஆய்வகத்துக்குத் தகரக் கூரை. வெயில் ஏற ஏற எண்ணெய் இளகிக் குண்டு வேகமாக விழுவதை வரைபடமாகப் போட்டுக் காட்டினாள். இப்போது அந்தச் செய்முறையில் வெப்பநிலையையும் எழுதவேண்டும் என்று எல்லாப் பிரிவுகளுக்கும் சொல்லியிருக்கிறேன்."

ஏட்டுச்சுரைக்காய்:

இதில் ஒரு சொல்லையும் தொடவேண்டாம். கடைசி வாக்கியம் பிரமாதம். அவளால் உங்கள் வகுப்பே மாறியிருக்கிறது. கடிதத்தோடு மாணவியின் தன்மைகளை மதிப்பிட ஒரு கட்டப் பட்டியலும் வரும், 'சராசரிக்கும் கீழ்' முதல் 'நான் பார்த்தவர்களில் முதல் ஒரு சதவீதம்' வரை. எல்லாத் தன்மைக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தையே தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாத தன்மைக்கு 'சொல்ல அடிப்படை இல்லை' என்ற கட்டமும் இருக்கிறது.

பொதிகைச்சாரல்:

நன்றி அம்மா. ஒன்று மட்டும் மிச்சம். எதில் விண்ணப்பிப்பது: நவம்பர் 1-ஆம் தேதி முடியும் முன்கூட்டிய சுற்றா, ஜனவரி 2-ஆம் தேதி முடியும் வழக்கமான சுற்றா? அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வருகிறது.

ஏட்டுச்சுரைக்காய்:

ஜனவரி. சாட் மதிப்பெண் சரியாக வராவிட்டால் டிசம்பரில் இன்னொரு முறை எழுத இடம் இருக்கும், வருமானச் சான்றிதழும் கைக்கு வந்திருக்கும். அரையாண்டு மதிப்பெண்ணை 'மிட் இயர் ரிப்போர்ட்' என்று தனியாக அனுப்பவேண்டும், அதையும் தலைமையாசிரியர்தான் ஏற்றவேண்டும். பொங்கல் விடுமுறைக்கு முன்பே விடைத்தாள்களைத் திருத்தி முடிக்கச் சொல்லுங்கள்.

மடைதிறப்பான்:

அந்த விளக்கெண்ணெய்ப் பகுதியைப் படித்தேன். தென்காசியில் சாட் மையம் இல்லையென்றால், அவளும் அம்மாவும் முந்தின நாள் இரவு தங்க மதுரையில் என் வீட்டில் இடம் இருக்கிறது. தனிச்செய்தியில் எழுதுங்கள் ஐயா.