கலைச்சொல் விவாதம்: ரப்பர் புஷ் – நெகிழ்பூணா, ஒட்டுப்பூணா?

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாஸ்டா நிறுவனம் 1989இல் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் திறந்த கார், வட அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்கப்பட்டது. 1997 வரை வெளிவந்த அதன் முதல் தலைமுறை வண்டிகளில் இன்னும் ஆலையில் பொருத்திய ரப்பர் உறுப்புகளே இருந்தால், அவை வெடித்தோ கல்லாக இறுகியோ போயிருக்கும். இவற்றை வீட்டிலேயே மாற்ற நினைப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். அதற்குச் சில சொற்கள் தேவைப்படுகின்றன.

பவர் ஸ்டீயரிங்கைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய ஐயம் இல்லை. ‘திறன் திசைமாற்றி’ என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. பாடநூல் வழக்கில் திறன் என்பது வேலை நடக்கும் வீதம். இங்கே நடப்பது வேறு: எஞ்சினுடன் பெல்ட்டால் சுழலும் பம்பு எண்ணெயை அழுத்துகிறது, அந்த அழுத்தம், சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டான ரேக்கிலுள்ள பிஸ்டனைத் தள்ளி ஓட்டுநரின் கைக்குத் துணைசெய்கிறது. பம்பு நின்றுவிட்டாலும் வண்டி திரும்பும், கைதான் வலிக்கும். எனவே ‘துணைவிசைத் திசைமாற்றி’ என்று வைத்துக்கொண்டேன். ரேக்கின் இரு முனைகளையும் மூடியிருக்கும் மடிப்பு ரப்பருக்கு, அது கொல்லன் துருத்தியைப் போலச் சுருங்கி விரிவதால், ‘துருத்தியுறை’ என்று பெயரிட்டேன். ரேக்கின் முனையிலுள்ள ஆயில் சீல் தேய்ந்தால் கசியும் எண்ணெய் இந்த உறைக்குள்தான் தேங்கும். ஆகவே உறையின் பட்டையைக் கழற்றிப் பார்ப்பதே முதல் சோதனை என்று கையேட்டில் எழுதியிருக்கிறேன்.

சிக்கல் புஷ்ஷில்தான். இந்த வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் மேலொன்றும் கீழொன்றுமாகத் தாங்குகைகள், அதாவது சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கை போன்ற உறுப்புகள், உள்ளன. அவை சட்டகத்தோடு சேரும் இடங்களிலெல்லாம், துளைக்குள் செருகப்படும் குழல் வடிவ உறுப்பான ரப்பர் புஷ் இருக்கிறது. உலக்கைப் பூணை நினைவில் கொண்டு ‘நெகிழ்பூண்’ என்று பரிந்துரைக்கிறேன். கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.

—

ஐயா, வணக்கம்.

துருத்தியுறை மிக நன்று. அதை மாற்ற வேண்டாம். நெகிழ்பூண் பற்றி எனக்கு இரண்டு தடைகள் உண்டு.

முதலாவது சிறியது. பூண் என்பது உலக்கையின் முனைக்கு வெளியே அணிவிப்பது. புஷ்ஷோ தாங்குகையின் துளைக்குள் செருகப்படுவது. ஆனாலும் ‘பூணுதல்’ என்ற வினையில் அணிதல், பொருந்துதல் என்ற பொருள்கள் இருப்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தடை அப்படிப்பட்டதன்று. ‘நெகிழி’ என்ற சொல் இன்று பிளாஸ்டிக்குக்கு நிலைத்துவிட்டது. உங்கள் வாசகர் கடைக்குப் போனால் அங்கே இரு வகைப் புஷ்கள் கிடைக்கும்: ஒன்று ரப்பர், மற்றொன்று பிளாஸ்டிக் போன்ற செயற்கைப் பொருளான பாலியூரித்தேன். நெகிழ்பூண் என்று படித்தவர் பாலியூரித்தேனைத்தான் குறிப்பிடுகிறீர்கள் என்று எண்ண இடமுண்டு. இரண்டும் ஒரே துளையில் பொருந்துபவை, ஆனால் வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. ரப்பர் புஷ்ஷில் உள்ளே ஓர் எஃகுக் குழலும் வெளியே ஓர் எஃகுக் குழலும் இருக்க, இடையிலுள்ள ரப்பர் இரண்டோடும் பிரியாதபடி ஒட்டியிருக்கும். சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கும்போது எதுவும் வழுக்குவதில்லை. ரப்பர்தான் முறுகி மீள்கிறது. பாலியூரித்தேன் வகையிலோ உட்குழல் தனியாகச் சுழலும். அதற்குக் கிரீஸ் தேவை, கிரீஸ் வற்றினால் கீச்சிடும்.

ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்றால், பழுதுபார்ப்பில் நேரும் பெரிய பிழையே இங்குதான் இருக்கிறது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுவதுமாக இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கிய கணமே ஒவ்வொரு ரப்பரும் முறுகிய நிலையில் சிக்கிக்கொள்ளும். நின்றிருக்கும்போதும் முறுகியே இருப்பதால் விரைவில் கிழியும். எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். இந்த விதி சுழலும் வகைக்குப் பொருந்தாது. நாம் ஆக்கும் சொல் இந்த வேறுபாட்டைக் காட்டவில்லையென்றால், பட்டறையில் எல்லாரும் சொல்லும் ‘புஷ்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம். அதில் இழப்பு ஒன்றுமில்லை.

‘முறுக்குப்பூண்’ என்று யாரேனும் முன்மொழிவதற்குள் சொல்லிவிடுகிறேன்: தீபாவளிப் பலகாரத்தை மறந்து அந்தச் சொல்லைப் படிக்க என்னால் இயலாது. ‘மீள்பூண்’ அறிவியலுக்கு நெருக்கமானது, ஆனால் மீள்பதிவு, மீள்பார்வை என்று பழகிய கண்ணுக்கு அது ‘மறுபடியும் பூண்’ என்று தோன்றும். இரு குழல்களோடும் ஒட்டியிருப்பதே அதன் இயல்பாகையால் ‘ஒட்டுப்பூண்’ என்றும், மற்றதைச் ‘சுழல்பூண்’ என்றும் கொள்ளலாமா?

இன்னொன்று. கையேடு முழுவதும் ரப்பர் என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைக்காதீர்கள். திசைமாற்றியின் சீல்கள் பெட்ரோலிய எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் வகை. கிளைக்கால் என்னும் வேதிப்பொருள் கொண்ட பிரேக் திரவத்தில் வேலை செய்யும் சீல்கள் பெரும்பாலும் இபிடிஎம் என்னும் வேறொரு செயற்கை ரப்பர் வகை. பிரேக் கலத்தில் தவறுதலாக எண்ணெயை ஊற்றினால் இபிடிஎம் ஊதிப் பெருத்துப் பிரேக்கே கெட்டுவிடும்.

வணக்கத்துடன்.

—

அம்மையாருக்கு வணக்கம்.

ஒட்டுப்பூண், சுழல்பூண் ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ஒட்டுமாங்காய் என்று சொல்லும்போது இரு வேறு பொருள்கள் பிரியாதபடி ஒன்றாவதை நம் மக்கள் ஏற்கெனவே ‘ஒட்டு’ என்ற சொல்லால்தான் குறிக்கிறார்கள் என்பது இதற்குக் கூடுதல் வலிமை. தமிழ்நாட்டுப் பட்டறைக்காரர்களுக்காக முதல் இடத்தில் மட்டும் ‘புஷ்’ என்பதைச் சேர்த்து எழுதிவிட்டு, பிறகு புதிய சொற்களை மட்டும் ஆளுவேன். இலங்கை வாசகர்களுக்குச் ‘சுக்கான்’ என்றால் உடனே விளங்கும் என்பதால், திசைமாற்றி வரும் முதல் இடத்தில் அதையும் இணையாகக் குறிப்பேன்.

சோதித்துப் பார்க்கக் கையேட்டின் ஒரு பத்தியை மாற்றி எழுதினேன்: “ஒட்டுப்பூணைப் பொருத்தியதும் போல்ட்டைக் கைவலுவில் மட்டும் இறுக்குக. வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னுமாகச் சற்று உருட்டி, எடை சீராக அமர்ந்த பின்னரே முறுக்குவிசை அளவியால் இறுதியாக இறுக்குக. சுழல்பூணாயின் செருகுமுன் உட்குழலுக்குக் கிரீஸ் தடவுக.” ஒட்டு என்ற சொல் அருகிலேயே இருப்பதால், எடை இறங்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்பதற்குத் தனி விளக்கம் ஒரு வரியில் முடிந்துவிட்டது.

திரவ வகைகளைத் தனி அட்டவணையில் பிரித்துவிட்டேன். எண்ணெய் மாற்றிய பின் காற்றை வெளியேற்றும் முறையில், முன்சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை இயக்காமல் திசைமாற்றியை இருபுறமும் முழுவதுமாகத் திருப்ப வேண்டும் என்று எழுதியுள்ளேன்; எஞ்சின் ஓடும்போதே தொடங்கினால் கலத்தில் எண்ணெய் நுரைத்துவிடும் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

இனி ஒரு சொல்தான் மீதி. கீழ்த் தாங்குகைகளில், சக்கரக் கோணத்தைச் சரிசெய்வதற்காக மையம் விலகிய வட்டுடன் வரும் போல்ட்டுகள் உள்ளன. உப்புத் தூவும் குளிர்நாட்டுச் சாலைகளில் ஓடிய வண்டிகளில் இவை ஒட்டுப்பூணின் உட்குழலோடு துருப்பிடித்து இறுகிப்போய், பலமுறை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ‘விலகுமைய மரை’ என்று குறித்து வைத்திருக்கிறேன்; ஆனால் மரை என்றால் திருகுவரி என்று பொருள்கொள்வோரும் உண்டு. முழு போல்ட்டையும் குறிக்க ‘விலகுமைய ஆணி’ என்பது போதுமா என்று தெரிவியுங்கள்.

அன்புடன்.