மெனியர்ஸுக்கு ஆபரேஷன் சொல்கிறார்கள், செய்து கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

செந்தூல்_தையல்காரி:
வணக்கம். எனக்கு 47 வயது, கோலாலம்பூர் செந்தூல். ஆறு வருடமாக இடது காதில் மெனியர்ஸ் என்ற உள்காது நோய். முதலில் காது அடைக்கும், உள்ளே ஜெனரேட்டர் ஓடுவது போல இரைச்சல், அப்புறம் இரண்டு மூன்று மணி நேரம் வீடே சுற்றும். மாதம் ஒரு தடவை வந்தது, இப்போது வாரம் இரண்டு தடவை. போன மாதம் மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி ரயில் நிலையப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், வாந்தி வேறு. குடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

உப்பைக் குறைத்தாயிற்று (நெத்திலி, கிச்சாப், மேகி எதுவும் வீட்டுப் படி ஏறுவதில்லை), பீட்டாஹிஸ்டின், நீர் மாத்திரை, காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி, கடைசியாக அந்தக் காதின் சமநிலை உறுப்பை அடக்கும் ஜென்டாமைசின் ஊசி இரண்டு தடவை. நாலு மாதம் நிம்மதி, திரும்ப வந்துவிட்டது. இப்போது லேபிரிந்தெக்டமி செய்யலாம் என்கிறார் டாக்டர். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, சமநிலை பார்க்கும் உறுப்பையே எடுத்துவிடுவார்களாம். சுற்றல் அடங்கும், ஆனால் அந்தக் காதில் மிச்சம் இருப்பதும் போய்விடும். இப்போதே போனை இடது பக்கம் வைத்தால் சத்தம் வருகிறது, வார்த்தை பிடிபடவில்லை. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. நீங்கள் எப்படி முடிவெடுத்தீர்கள்?

கிள்ளான்_வாசி:
அக்கா, முதலில் உள்காதில் இருக்கும் பொடிக் கல் இடம் நகர்ந்த கேஸா என்று பாருங்கள். எங்கள் அம்மாவை ஒரு கிளினிக்கில் இரண்டு வருடம் மாத்திரையிலேயே ஓட்டிவிட்டார்கள், கடைசியில் எப்ளி என்று தலையைத் திருப்பிப் படுக்க வைத்து எழுப்பினார்கள், பத்து நிமிடம்கூட ஆகவில்லை, சரியாகிவிட்டது.

செந்தூல்_தையல்காரி:
அது இல்லை தம்பி. கல் என்றால் படுக்கும்போது, புரளும்போது ஒரு நிமிடம் சுற்றி நிற்கும், காது கேட்பது குறையாது. எனக்கு மணிக்கணக்கில். எம்ஆர்ஐயும் எடுத்தாயிற்று, கட்டி எதுவும் இல்லை.

தண்ணீர்மலை_அடிவாரம்:
தங்கச்சி, பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 2022ல் வலது காதில் அதே ஆபரேஷன். எனக்கும் உன்னை மாதிரி இழுபறிதான். கடைசியில் மனைவி ஒரு பழைய டைரியை எடுத்து வந்தாள், ஒரு வருடத்தில் எத்தனை நாள் படுத்துக் கிடந்தேன் என்று குறித்து வைத்திருந்தாள், எண்ணினால் 71. வார்த்தை புரியாத ஒரு காதுக்காக 71 நாளா என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆனால் முதல் மூன்று நாள் பற்றி யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். கண் திறந்தால் ஜன்னல் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும், கஞ்சித் தண்ணிகூட தங்காது, தப்பு பண்ணிவிட்டோமோ என்று அழுகை வரும். மூளைக்கு ஒரு காதிலிருந்து செய்தி திடீரென்று நின்றுபோனதால் வருவது அது. நாலாம் நாள் சுவரைப் பிடித்துக் கழிவறை, ஆறாம் நாள் வீடு. அப்புறம் பயிற்சி. சுவரில் தொங்கும் தேதிக் காலண்டரில் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும், எண் கலங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குமட்டும். விடாதே. சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு பக்கமும் அலமாரி இருக்கிற சந்துதான் ரொம்ப நாள் படுத்தியது, ஏன் என்று தெரியாமல் தள்ளுவண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மூன்றாம் மாதம் ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய் வந்தேன், ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் இருட்டில் நடந்தால் தள்ளாட்டம் உண்டு, கழிவறை விளக்கு இரவெல்லாம் எரியும். மாமாக் சாப்பாட்டுக் கடையில் நல்ல காது கூட்டாளிகள் பக்கம் இருக்கிற மாதிரி நாற்காலியைப் பிடித்துவிடுவேன். பழைய சுற்றல் இதுவரை ஒரு தடவைகூட வரவில்லை. இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது, அதை நம்பி ஆபரேஷன் பண்ணாதே.

பிரை_ஃபிசியோ:
அண்ணன் சொன்னது சரி. என்னிடம் வருபவர்கள் செய்யும் பெரிய தப்பு, குமட்டலுக்குப் பயந்து ஸ்டெமெட்டில் மாதிரி மாத்திரையை வாரக்கணக்கில் போட்டுக்கொண்டு படுத்தே இருப்பது. முதல் சில நாளுக்கு அது வேண்டும்தான். அதற்கு மேல் போனால் மூளை பழகுவது தாமதமாகும், டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். அக்கா, வலது காதை முழுசாகச் சோதித்தார்களா? மெனியர்ஸ் சிலருக்குப் பின்னால் இரண்டாவது காதிலும் வருகிறது, சமநிலைக்கு இனி அந்த ஒரு காதுதான். காது நன்றாகக் கேட்பவர்களுக்கு நரம்பை மட்டும் வெட்டும் முறை உண்டு, ஆனால் மண்டையோட்டைத் திறக்க வேண்டும். உள்காதுத் திரவம் சேரும் சின்னப் பைக்கு இடம் விடும் சின்ன ஆபரேஷனும் உண்டு. 1981ல் டென்மார்க்கில் அதைப் பெயருக்குச் செய்த ஆபரேஷனோடு ஒப்பிட்டார்கள், பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. லேபிரிந்தெக்டமியில் கேட்கும் நரம்பு பொதுவாகத் தப்பிவிடும், பிறகு காக்ளியர் இம்ப்ளாண்ட் (அந்த நரம்பைத் தூண்டிக் கேட்க வைக்கும், காதுக்குள் பொருத்தும் கருவி) பற்றி யோசிக்க வழி இருக்கும். அதையும் கேட்டு வையுங்கள்.

செந்தூல்_தையல்காரி:
வலது காது டெஸ்ட் அடுத்த வாரம் போட்டிருக்கிறேன், நல்லபடியாக வந்தால் சரி சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். அண்ணே, தீபாவளிக்கு முன்னாடி வைக்கலாமா? தையல் ஆர்டர் குவிந்து கிடக்கிறது.

தண்ணீர்மலை_அடிவாரம்:
பிறகு வை. ஊசியில் நூல் கோக்கவே உனக்கு ஒரு மாதம் ஆகும்.