பாசிக்குடாவில் சவாரிக்கு விடும் பெண்குதிரை சில நாட்களில் மட்டும் முரண்டு பிடிக்கிறது: வேட்கைதான் காரணமா?

கேள்வி: கல்குடாவிலிருந்து

பாசிக்குடாக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளை ஏற்றுவதற்காக இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறேன். ஒன்று காயடித்த ஆண்குதிரை. மற்றையது எட்டு வயதுப் பெண்குதிரை; நிறை ஏறத்தாழ 300 கிலோ இருக்கும். நுவரெலியாவில் ஏரிக்கரைச் சவாரிக்குப் பழகியிருந்ததை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கி வந்தேன். சாதாரண நாட்களில் சின்னப் பிள்ளைகளை ஏற்றினாலும் தலையைக் கூட ஆட்டாமல் நடக்கும். சில கிழமைகளுக்கு ஒரு தடவை அதே குதிரை வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரைப் பீச்சுகிறது, மற்றக் குதிரையை விட்டு நகர மறுத்துக் கீச்சிடுகிறது. சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கும்போது காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு கடிக்கவும் வருகிறது. போன மாதம் என் உதவியாளரின் தொடையில் ஓர் உதை விழுந்தது. பிள்ளைகளை ஏற்றும் தொழிலில் இது விளையாட்டல்ல.

பெண்களுக்கு மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை போடும் கருத்தடை ஊசியைக் குதிரைக்கும் போடலாம் என்று மருந்துக் கடையில் ஒருவர் சொன்னார். ஒரு குட்டி போட்டால் அடங்கிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். மாரி தொடங்கினால் தானாகவே நின்றுவிடும் என்று இன்னொருவர் எங்கோ வாசித்திருக்கிறார். இவற்றில் எதை நம்புவது?

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியர், மட்டக்களப்பு

தம்பி, மூன்று ஆலோசனைகளும் உங்களுக்கு உதவாது. ஏன் என்று சொல்லிவிட்டு, முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

மாரியில் நின்றுவிடும் என்பது குளிர்நாட்டுக் கதை. குதிரையின் இனப்பெருக்கச் சுழற்சியை ஓட்டுவது பகல் வெளிச்சத்தின் நீளம். பகல் சுருங்கும்போது மூளையில் மெலட்டோனின் என்ற ஓமோன் கூடுதலாகச் சுரந்து சூலகங்களை ஓய்வுக்கு அனுப்புகிறது. ஐரோப்பாவில் பெரும்பாலான பெண்குதிரைகள் குளிர்காலத்தில் அடங்கிக் கிடப்பது அதனால்தான். மட்டக்களப்பிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆகவே இங்கே ஒரு பெண்குதிரை ஆண்டு முழுவதும் வேட்கைக்கு வரலாம், வாடைக் காற்று வீசினாலும் கச்சான் வீசினாலும்.

சுழற்சி ஏறத்தாழ 21 நாட்கள். அதில் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை வேட்கை; அது முடிவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன் சூல் வெளியேறும். பின்னர் இரண்டு கிழமைகளுக்கு, வேட்கையை அடக்கும் புரொஜெஸ்தரோன் என்ற ஓமோனின் ஆட்சி நடக்கும், அப்போது ஆண்குதிரை அருகில் வந்தால் உதைத்து விரட்டும். பலரும் இதைத் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள். வேட்கையில் உள்ள குதிரை ஆண்குதிரையின் பக்கம் சாய்ந்து நிற்கும். காதை மடித்து உதைப்பது பெரும்பாலும் வேட்கையில் இல்லாத குதிரையின் வேலை, அல்லது வலியுள்ள குதிரையின் வேலை. நீங்கள் ஒரே மூச்சில் சொன்ன அடையாளங்கள் ஒரே நாளில் சேர்ந்து வருகின்றனவா, அல்லது இரண்டு வேறு தொல்லைகளை ஒரே பெயரில் அழைக்கிறீர்களா என்பதுதான் என் சந்தேகம்.

குட்டி போடுவதைப் பொறுத்தவரை, சினைக்காலம் பதினொரு மாதங்கள். ஈன்று ஒன்றிரண்டு கிழமைகளுக்குள்ளேயே மறுபடியும் வேட்கை வந்துவிடும். வளர்ப்பதற்கு ஒரு குட்டியும் கூடவே பழைய பிரச்சினையும்தான் மிஞ்சும். கருத்தடை ஊசியும் வீண். அதைப் பெண்குதிரைகளில் போட்டுச் சோதித்திருக்கிறார்கள், வேட்கை நிற்கவில்லை. மனிதருக்கும் குதிரைக்கும் புரொஜெஸ்தரோன் ஒன்றாக இருந்தாலும், அதைப் போலச் செய்யப்பட்ட செயற்கை மருந்துகள் எல்லாம் குதிரையின் உடலில் அதே வேலையைச் செய்வதில்லை.

இன்றே ஒரு கொப்பியை எடுத்து, குழப்பம் செய்த நாள், நேரம், என்ன செய்தது, பக்கத்தில் எந்தக் குதிரை நின்றது, தீனி போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதத் தொடங்குங்கள். மூன்று சுழற்சிகளுக்காவது எழுத வேண்டும். மூன்று கிழமை இடைவெளியில் வந்தால் சூலகத்தைப் பார்க்கலாம். கண்டபடி வந்தால் முதுகையும் வயிற்றையும் பல்லையும் பாருங்கள்.

பதில்: அக்கரைப்பற்றிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும். வைத்தியர் ஐயா சொன்ன 'வலியுள்ள குதிரையின் வேலை' என்பதைப் பற்றி என் அனுபவத்தை எழுதுகிறேன்.

பொத்துவில் பக்கம் சவாரிக்கு விட்ட என் பெண்குதிரையும் வயிற்றுவாரை இறுக்கினால் கடிக்க வரும். ஓமோன் என்று முடிவு கட்டி ஒரு பருவம் முழுக்கப் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் வாரைக் கழற்றி உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தபோதுதான் விளங்கியது. கடல் நீரும் வியர்வையும் மாறி மாறி ஊறிக் காய்ந்ததில் தோல் பலகை போல விறைத்து, ஓரம் முழுக்க உப்பு வெள்ளையாகப் படிந்து, அதற்குள் மணல் ஒட்டியிருந்தது. முன்னங்காலுக்குப் பின்னால், முழங்கை மடிப்பில், மயிருக்குள் மறைந்தபடி இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது. வாரை மாற்றி, ஒவ்வொரு நாளும் நன்னீரில் கழுவிப் புண் ஆறிய பிறகு கடிப்பது நின்றது. வாலைத் தூக்கிச் சிறுநீர் பீச்சுவது மட்டும் மூன்று கிழமைக்கு ஒரு தடவை வழக்கம்போல வந்து போனது. அது யாருக்கும் தொல்லையாக இருக்கவில்லை.

தீனியையும் பாருங்கள் தம்பி. எங்கள் பக்கம் வைக்கோல் தாராளமாகக் கிடைப்பதால் அதையே போட்டுக் காலையும் மாலையும் தவிடு கொடுத்து முடித்துவிடுகிறோம். குதிரையின் இரைப்பை தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் ஓடும்போது அது மேலே தெறித்துப் புண்ணாக்கும். அந்தப் புண் உள்ள குதிரையும் வார் இறுக்கும்போதுதான் சீறும். சவாரிக்கு அரை மணித்தியாலத்துக்கு முன் இரண்டு கைப்பிடி பச்சைப் புல்லாவது கொடுப்பதை நான் வழக்கமாக்கிவிட்டேன்.

பதில்: பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கும் கல்முனை மாணவி

கொப்பியில் உண்மையிலேயே 21 நாள் இடைவெளி தெரிந்தால் என்ன செய்யலாம் என்பதையும் யாராவது எழுத வேண்டும் அல்லவா?

வேட்கையை நிறுத்துவதற்கு நம்பகமான மருந்து அல்ட்ரெனோஜெஸ்ட். வாய்வழியாக ஒவ்வொரு நாளும் கொடுப்பது. நிறையில் ஒரு கிலோவுக்கு 0.044 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 300 கிலோ குதிரைக்கு இது ஏறத்தாழ 13 மில்லிகிராம், அதாவது மில்லிலீற்றருக்கு 2.2 மில்லிகிராம் கொண்ட எண்ணெய்க் கரைசலில் 6 மில்லிலீற்றர். இரண்டு மூன்று நாட்களில் வேட்கை அடங்கும், நிறுத்தினால் திரும்பி வரும். இது தோலின் வழியாக மனித உடலுக்குள்ளும் போகும் மருந்து. கர்ப்பிணிகள் தொடவே கூடாது, மற்றவர்களும் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. உங்கள் வீட்டில் குதிரைக்குத் தீனி வைப்பது யார் என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

செலவு குறைந்த இன்னொரு வழி ஒட்சிடோசின் என்ற ஓமோன் ஊசி. சூல் வெளியேறி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ஒவ்வொரு நாளும் போட்டால், புரொஜெஸ்தரோன் சுரக்கும் மஞ்சட் சடலம் (சூல் வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் திசு) பல குதிரைகளில் இரண்டு மாதங்களுக்கு மேல் அழியாமல் நின்று வேட்கையைத் தள்ளிப்போடும். எல்லாக் குதிரைகளிலும் பலிக்காது. சூல் வெளியேறிய நாளைச் சரியாக அறிய ஸ்கேன் தேவை. கருப்பைக்குள் கண்ணாடிக் குண்டு வைக்கும் பழைய முறையைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். பாதிக்கும் குறைவான குதிரைகளிலேயே அது பலித்திருக்கிறது, உள்ளே உடைந்த சம்பவங்களும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சூலகத்தில் வரும் ஒரு வகைக் கட்டியையும் மனதில் வைத்திருங்கள். அது வந்த குதிரை சுழற்சியே இல்லாமல் இருக்கலாம், ஓயாமல் வேட்கையில் நிற்கலாம், அல்லது ஆண்குதிரை போல மற்றப் பெண்குதிரைகளின் மேல் ஏறவும் சண்டை பிடிக்கவும் தொடங்கலாம். ஸ்கேனில் ஒரு சூலகம் பெருத்துத் தேன்கூடு போலவும் மற்றது சுருங்கியும் தெரியும். பெரும்பாலும் பரவாத கட்டிதான். அறுவைச் சிகிச்சையால் அகற்றினால் நடத்தை படிப்படியாகச் சீராகும். இடையிடையே வந்து போகும் உங்கள் குதிரையின் குழப்பம் அப்படித் தோன்றவில்லை. அதற்காக ஸ்கேன் செய்யாமல் விட்டுவிட வேண்டாம்.

மீண்டும் கல்குடாவிலிருந்து

அனைவருக்கும் நன்றி. புதிய கொப்பி தொடங்கும் முன், சவாரி வருமானம் எழுதும் பழைய கொப்பியைப் புரட்டினேன். குதிரையைப் பாதியில் நிறுத்திய நாட்களில் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்பதால் திகதிகள் கிடைத்தன. ஜூன் 3, ஜூன் 24, ஜூலை 15: சரியாக 21 நாள் இடைவெளி. அந்த நாட்களில் வாலைத் தூக்கி நின்றதும் நகர மறுத்ததும்தான் நடந்திருக்கிறது, யாரையும் உதைக்கவில்லை. ஜூன் 12, ஜூலை 8 ஆகிய இரண்டு நாட்கள் மட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை. உதவியாளருக்கு உதை விழுந்தது ஜூலை 8ஆம் திகதி. இரண்டு நாளும் சூரிய உதயம் பார்க்க வந்தவர்களை ஏற்றுவதற்காக, தீனி வைக்காமல் ஐந்தரை மணிக்கே சேணம் பூட்டியிருக்கிறோம்.

அடுத்த வேட்கை ஆகஸ்ட் 5ஆம் திகதியளவில் வர வேண்டும். அந்தக் கிழமையில் பெண்குதிரையைக் கடற்கரைக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். வாரையும் கழற்றிப் பார்த்தேன். உப்பு இருக்கிறது, புண் இல்லை. இரைப்பைப் புண்ணாக இருக்குமோ என்பதுதான் இப்போது என் பயம். இரத்தப் பரிசோதனையில் அது தெரியுமா, ஐயா?

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியர், மட்டக்களப்பு

இரைப்பைப் புண் இரத்தத்தில் தெரியாது, அதற்குக் குழாய்க் கமெரா விட்டுப் பார்க்க வேண்டும். பேராதனைப் போதனா மிருக வைத்தியசாலையில் கேட்டுப் பாருங்கள். ஆனால் அது மறுபடி கடிக்க வரும் நாளில் உங்கள் பகுதி வைத்தியரைக் கொண்டு இரத்தம் எடுத்துப் புரொஜெஸ்தரோன் பார்க்கச் சொல்லுங்கள். மில்லிலீற்றருக்கு 1 நனோகிராமுக்கு மேல் இருந்தால் அன்று அது வேட்கையில் இல்லை. அதுவரை உதயச் சவாரிக்கு ஆண்குதிரையை அனுப்புங்கள், அதற்கும் புல் போட்டுவிட்டு.