சவுரி மாதிரி ஒரு வேர்

மடிப்பாக்கம் வாசி:
போன மார்கழியில் எங்கள் பாத்ரூமில் தண்ணீர் இறங்குவதே நின்றுவிட்டது. பழைய வீடு, அந்தக் காலத்து மண் குழாய். பிளம்பர் சேம்பர் மூடியைத் திறந்து நீளக் கழியை விட்டுக் குத்தினார். அசையவில்லை. கொக்கி போட்டு இழுத்ததும் சவுரி மாதிரி ஒரு வேர்க்கற்றை வந்தது, ஒரு முழத்துக்கு மேல். வாசல் புங்க மரத்தினுடையது.

"மரம் தண்ணிய மோப்பம் புடிச்சு வரும் சார், வெட்டிடுங்க" என்றார். அப்பாவும் தலையாட்டினார். எனக்கு மனசு வரவில்லை. 2016 வர்தா புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் மிஞ்சிய மரம் அது ஒன்றுதான்.

மோப்பம் நிஜமா என்று படித்துப் பார்த்தேன். எங்கோ இருக்கும் தண்ணீரைக் குறிவைத்து வேர் கிளம்புவதில்லை. நாலா பக்கமும் துழாவிக்கொண்டே போகிறது. போகும் வழியில் ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காய்ந்த மண் என்றால், காய்ந்த பக்கத்துச் செல்கள் கூடுதலாக நீளும். வேர் ஈரத்தின் பக்கம் வளையும். கிளை வேர்களும் ஈரம் படும் பக்கத்தில்தான் அதிகம் விடும். ஆக, எங்கள் குழாயின் மூட்டு எப்போதோ விட்டுப்போய்க் கசிந்திருக்கிறது. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது நாங்கள், பழி மரத்தின் மேல்!

ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் 1872-இல் செய்த சல்லடைச் சோதனையையும் செய்து பார்த்தேன். பெரிய ஓட்டைச் சல்லடையில் ஈரத் தென்னைநார்த்தூள், அதில் பச்சைப்பயறு, சாய்வாகத் தொங்கவிட்டேன். முதல் தடவை பாத்ரூமில். வேர்கள் ஓட்டை வழியாக இறங்கி நேராகத் தொங்கின, அவ்வளவுதான். சுற்றிலும் ஈரக் காற்று, எந்தப் பக்கம் திரும்பினால் என்ன? அடுத்த தடவை ஏசி அறையில். வெளியே எட்டிப் பார்த்த வேர்களில் பாதிக்கு மேல் திரும்பி வளைந்து சல்லடையின் அடியில் ஒட்டிக்கொண்டன. அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.

முகப்பேர் மாடித்தோட்டம்:
2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நேரம், செடிக்கு ஊற்ற ஏது? தொட்டி மண்ணில் ஒரு சின்ன மண் கலயத்தைக் கழுத்துவரை புதைத்து, அரிசி களைந்த தண்ணீரை அதில் மட்டும் ஊற்றினேன். காய்ப்பு முடிந்து கத்தரிச்செடியைப் பிடுங்கினால், கலயத்தைச் சுற்றி வலை பின்னியது போல வேர். தொட்டியின் மறு ஓரத்தில் பேருக்குக்கூட இல்லை.

திருவான்மியூர்:
எங்கள் சம்புக்குள் அரச வேர். இரண்டு முறை வெட்டினோம், இரண்டு முறையும் திரும்பி வந்தது. சுவரின் கீறலை அடைத்துப் பூசிய பிறகு மூன்று வருஷமாகக் காணோம். மடிப்பாக்கம் சார், மரம் இருக்கிறதா?

மடிப்பாக்கம் வாசி:
இருக்கிறது. குழாயைத்தான் பிவிசியாக மாற்றினோம். அப்பா மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சேம்பர் மூடியைத் தூக்கிப் பார்க்கிறார்.